பில்டர்பெர்க்னா இவ்வளவு பயம், பாசல் விருந்துன்னா ஏன் யாரும் வாயே திறக்கறதில்லை?

மணிமுத்தாறு
குடும்ப வாட்ஸப் குழுவுல மாமா ஒருத்தர் தினம் ஒண்ணு அனுப்புறாரு. இந்த வாரம் பில்டர்பெர்க். உலகத்தையே நடத்துறது இவங்கதானாம், அடுத்த அமெரிக்க அதிபர் யாருன்னு இவங்கதான் முடிவு பண்றாங்களாம். சும்மா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். ஆனா தேடிப் பார்த்தா கூட்டம் உண்மையிலேயே நடக்குது. 2023ல லிஸ்பன், 2024ல மாட்ரிட், 2025ல ஸ்டாக்ஹோம். பிரதமர்கள், வங்கித் தலைவர்கள், எண்ணெய் கம்பெனி ஆட்கள், நேட்டோ தலைவர் எல்லாரும் பட்டியல்ல இருக்காங்க. இதுல எது நிஜம், எது மாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தெக்குவாசல்
கூட்டம் நிஜம். 1954 மே மாசக் கடைசியில நெதர்லாந்துல ஊஸ்டர்பேக்குங்கிற ஊர்ல, ஹோட்டல் டி பில்டர்பெர்க்ல முதல் கூட்டம். பேரு அந்த ஹோட்டல் பேருதான். யோசனை யோசெஃப் ரெட்டிங்கர்னு ஒரு போலந்துக்காரரோடது. நாடுவிட்டு வந்தவர், பதவி கிடையாது, பணம் கிடையாது, ஆனா ஐரோப்பாவுல எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்கும். அவர் போய் டச்சு இளவரசர் பெர்ன்ஹார்டைத் தலைமைக்குப் பிடிச்சாரு. யூனிலீவர் தலைமையில இருந்த பால் ரைக்கன்ஸ், பெல்ஜியத்தோட முன்னாள் பிரதமர் வான் ஸீலண்ட் சேர்ந்தாங்க. அமெரிக்கப் பக்கம் உதவினவங்கள்ல சிஐஏ தலைவரா இருந்த வால்டர் பெடல் ஸ்மித்தும் உண்டு.

அந்தக் காலத்தையும் நெனைச்சுப் பாருங்க. அமெரிக்காவுல கம்யூனிஸ்டுகளைத் தேடித் தேடிப் பிடிக்கற மக்கார்த்தி வேட்டை நடக்குது, ஐரோப்பாவுல அமெரிக்கா மேல எரிச்சல். ரெண்டு பக்கத்துப் பெரிய மனுஷங்களையும் பத்திரிகை இல்லாம உட்கார வெச்சா பேசித் தீர்த்துக்குவாங்கன்னு ஒரு கணக்கு. இப்போ வருஷம் 120, 130 பேர் வர்றாங்க. மூணுல ரெண்டு பங்கு ஐரோப்பா, மிச்சம் வட அமெரிக்கா. தீர்மானம் போடறதில்லை, ஓட்டெடுப்பு இல்லை. உள்ள கேட்டதை வெளிய பயன்படுத்தலாம், யார் சொன்னதுன்னு மட்டும் சொல்லக் கூடாது.

பெர்ன்ஹார்டு கதை இன்னும் சுவாரசியம். விமானம் விக்க லாக்ஹீட் கம்பெனி அவருக்கு 11 லட்சம் டாலர் கொடுத்த விவகாரம் 1976ல வெடிச்சுது. அந்த வருஷக் கூட்டமே ரத்து. உலகத்தை ரகசியமா ஆட்டிப் படைக்கறதாச் சொல்ற சங்கத்தோட தலைவருக்கு, தன்னோட லஞ்சத்தைக்கூட மறைக்கத் தெரியலை.

நெருப்புக்குச்சி
ஆரம்பிச்சுட்டாரு தெக்குவாசல் அண்ணே, எல்லாம் சும்மா டீ பார்ட்டின்னு. சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க:

1973 மே: ஸ்வீடன் சால்ட்ஷோபாடன் கூட்டத்துல எண்ணெய் பத்திப் பேச்சு. அக்டோபர்ல எண்ணெய் விலை தாறுமாறு.
1991: பாடன்-பாடன். ஆர்கன்சாஸ்னு ஒரு சின்ன மாநிலத்து ஆளுநர் கிளிண்டன் வர்றாரு. 1992ல ஜெயிச்சுட்டாரு.
1993: ஏதென்ஸ் பக்கத்துல. டோனி பிளேர். 1997ல பிரதமர்.
2009 நவம்பர்: பிரஸ்ஸல்ஸ்ல ஒரு பில்டர்பெர்க் விருந்துல பெல்ஜியப் பிரதமர் வான் ரோம்பாய் பேசுறாரு. ஒரு வாரத்துல ஐரோப்பிய கவுன்சில் தலைவர்.

தற்செயலா இதெல்லாம்?

தெக்குவாசல்
> தற்செயலா இதெல்லாம்?

தற்செயல் இல்லை தம்பி, வர்றவங்களைப் பொறுக்கி எடுக்கறதே அப்படித்தான். நாளைக்கு மேல வருவான்னு தோணுற ஆளைத்தான் கூப்பிடுவான். கிளிண்டன் 1991ல ஜனநாயகக் கட்சிக்குள்ள பேர் வாங்கிட்டாரு, பிளேர் 1993ல எதிர்க்கட்சியோட நிழல் உள்துறை அமைச்சர். வந்து போயும் ஒண்ணுமே ஆகாத நூத்துக்கணக்கான பேரை உங்க பட்டியல்ல காணோமே? முகூர்த்தத்துக்கு வந்த அத்தனை பேரும் மாப்பிள்ளை ஆகிடறாங்களா என்ன.

எண்ணெய்? 1973 மே மாசம் எண்ணெயைப் பத்திப் பேசலைன்னாதான் ஆச்சரியம். விலை மூணு வருஷமா ஏறிட்டிருந்துது. அக்டோபர்ல போர். அரபு நாடுகள் தடை போட்டதுக்குக் காரணம் போரும், இஸ்ரேலுக்கு அமெரிக்கா ஆயுதம் அனுப்பினதும்.

ஒண்ணு ஒத்துக்கறேன். பதவியில இருக்கற நிதியமைச்சர் மூணு நாள் வங்கித் தலைவர்களோட ஒரே கூரையில இருந்துட்டு, வெளிய வந்து “தனிப்பட்ட முறையில போனேன்”னா அது சரியில்லை. 2013ல வாட்ஃபோர்டுல கூட்டம் நடந்தப்போ பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துல இதைத்தான் கேட்டாங்க. நியாயமான கேள்வி அது. உலக அரசாங்கம், உலகத்தையே ஆளுற 13 குடும்பம்னு கிளம்பினவுடனே அந்த நியாயமான கேள்வி செத்துப் போகுது. உள்ள இருக்கறவங்களுக்கு அதைவிட வசதி வேற ஏது?

வாசுகி
உண்மையான சதி எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா இத்தாலிக்குப் போங்க. பி2 லாட்ஜ்.

லீச்சோ ஜெல்லினு ஒரு ஆள். மெத்தை கம்பெனியில மேலாளரா இருந்தவர், முசோலினி காலத்து ஃபாசிஸ்ட். மேசானிக்ங்கிற மூடிய சகோதரச் சங்கத்தோட பி2ங்கிற கிளையைக் கைப்பத்தி, அதுக்குள்ள ரகசிய உறுப்பினர்களைச் சேர்த்தாரு. 1981 மார்ச் 17ல, மிலான் நீதித்துறையைச் சேர்ந்த கெரார்தோ கொலம்போவும் ஜூலியானோ துரோனேயும் அனுப்பின போலீஸ், அரெட்ஸோ பக்கத்துல ஜெல்லியோட துணி ஃபேக்டரி அலுவலகத்தைச் சோதனை போட்டுது. கிடைச்சது 962 பேர் கொண்ட பட்டியல். அமைச்சர்கள், உளவுத்துறைத் தலைவர்கள், ராணுவத் தளபதிகள், எம்பிக்கள், நாட்டோட பெரிய நாளிதழான கொரியரே தெல்லா செராவோட ஆசிரியர். தொழிலதிபர்கள் வரிசையில சில்வியோ பெர்லுஸ்கோனி. அர்ஜென்டினா கடற்படைத் தளபதி மசேராவும் உண்டு. மே மாசம் பட்டியல் வெளிவந்துது, ஃபோர்லானி அரசு கவிழ்ந்துது. 1945க்கு அப்புறம் முதல்முறையா கிறிஸ்துவ ஜனநாயகக் கட்சியைச் சேராத ஒருத்தர், ஸ்படோலினி, பிரதமர் ஆனாரு.

பணப் பக்கம் வங்கி வழியா வருது. பட்டியல்ல இருந்த ராபர்ட்டோ கால்வி, மிலானோட பாங்கோ அம்புரோசியானோ தலைவர். பனாமாவுல உப்புமா கம்பெனிகள் வெச்சு வெளிநாட்டுக்குப் பணம் தள்ளினாரு. அந்தக் கம்பெனிகளுக்கு ஆதரவா வாட்டிகன் வங்கியே கடிதம் கொடுத்திருந்துது. 1982ல சுமார் 130 கோடி டாலர் ஓட்டை. ஜூன் 18 காலையில லண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்துக்கு அடியில கால்வி தூக்குல தொங்கினாரு, பாக்கெட்டுல செங்கல். முதல்ல தற்கொலைன்னாங்க, பிறகு கொலைன்னாங்க. 2007ல குற்றம் சாட்டப்பட்ட அஞ்சு பேரும் விடுதலை. வாட்டிகன் 1984ல கடன்காரங்களுக்கு ஏறக்குறைய 24 கோடி டாலர் கொடுத்துது, சட்டப்படி பொறுப்பு எதுவும் இல்லைன்னு சொல்லிக்கிட்டே.

பில்டர்பெர்க் பட்டியல் இணையத்துல கிடைக்குது. ஜெல்லி பட்டியல் பெட்டிக்குள்ள பூட்டிக் கிடந்துது. எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

நெருப்புக்குச்சி
நன்றி வாசுகி அக்கா, எனக்காகவே எழுதின மாதிரி இருக்கு. 1980ல ஒருத்தன் “இத்தாலி உளவுத்துறை, ராணுவம், பத்திரிகை, வங்கி எல்லாத்தையும் ஒரு மெத்தைக் கம்பெனிக்காரன் கட்டிப் போட்டு வெச்சிருக்கான்”னு சொல்லியிருந்தா, இந்தக் குழுவுல அவனை என்ன சொல்லியிருப்பீங்க? மாமான்னுதானே?

வாசுகி
சொல்லியிருப்போம். சரியான அடி, வாங்கிக்கறேன். பெக்கொரெல்லினு ஒரு பத்திரிகைக்காரர், அவரே பி2 பட்டியல்ல இருந்தவர், இதையெல்லாம் குத்திக்காட்டி எழுதிட்டிருந்தாரு. 1979 மார்ச்சுல சுட்டுக் கொன்னுட்டாங்க.

ஆனா அது எப்படி வெளிய வந்துதுன்னு பாருங்க தம்பி. அந்த ரெண்டு நீதிபதிகளும் ரகசியச் சங்கத்தைத் தேடிப் போகலை. திவாலான மிக்கேலே சிந்தோனாங்கிற வங்கியாளர் சம்பந்தப்பட்ட வழக்கைத் தோண்டிட்டிருந்தாங்க. சிந்தோனா அமெரிக்காவுல ஃபிராங்க்ளின் நேஷனல் பாங்க்கை வாங்கி, அது 1974ல மூழ்கிச்சு. இத்தாலியில அவரோட வங்கியைக் கலைக்க நியமிச்ச வக்கீல் ஜோர்ஜோ அம்புரோசோலி கணக்கை வரிவரியாப் பார்த்தாரு. 1979 ஜூலை 11 ராத்திரி வீட்டு வாசல்ல அவரைச் சுட்டுட்டாங்க. சிந்தோனா ஏவின கொலை, நீதிமன்றத்துல நிரூபணம் ஆச்சு. தண்டனை வந்த ரெண்டு நாள்ல, 1986 மார்ச்சுல, ஜெயில்ல குடிச்ச காபியில சயனைடு. கணக்குப் புத்தகத்தைப் படிச்சவன்தான் கண்டுபிடிச்சான், அவன்தான் உயிரையும் கொடுத்தான்.

குட்டிச்சாத்தான்
டாவோஸ்ல நடக்கற உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்தை விட்டுட்டீங்களே?

தெக்குவாசல்
டாவோஸ்ல கேமரா அதிகம், நம்ம முதலமைச்சர்கள்கூடப் போட்டோ எடுத்துட்டு வர்றாங்க. அது பொருட்காட்சி. விடுங்க.

பாசல்வாசி
வணக்கம் எல்லாருக்கும். நான் இருக்கிறது சுவிஸ், பாசல். கனகாலமா வாசிக்கிறன், எழுதிறது குறைவு. நீங்கள் எல்லாரும் பில்டர்பெர்க், பி2 எண்டு கதைக்கிறியள். எங்கட புகையிரத நிலையத்துக்கு முன்னால நிக்கிற கட்டிடத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. பன்னாட்டுத் தீர்வு வங்கி, மத்திய வங்கிகளுக்கான வங்கி. ஆங்கில எழுத்தில பிஐஎஸ். வட்டமான மண்ணிறக் கோபுரம், 1977இல திறந்தது. அதுக்கு முதல் ஒரு பழைய ஹோட்டல் கட்டிடத்திலதான் இயங்கினது. ட்ராம் ஏறப் போற சனம் நிமிந்தும் பாக்காது.

இரண்டு மாசத்துக்கு ஒருக்கா உலகத்து மத்திய வங்கி ஆளுநர்மார் வருவினம். ஞாயிறு இரவு பெரிய ஆட்களுக்கு மட்டும் விருந்து, அடுத்த நாள் மற்றவையோட கூட்டம். விருந்தில என்ன கதைச்சவை எண்டு அறிக்கை வராது. 1930இல உடன்படிக்கை போட்டுத் தொடங்கேக்கையே விசேச பாதுகாப்புக் குடுத்திட்டினம். சுவிஸ் பொலிஸ் அனுமதி கேக்காமல் அந்த வளாகத்துக்குள்ள கால் வைக்கேலாது. கனபேருக்குத் தெரியாத விசயம் ஒண்டு: 2001 வரைக்கும் அதுக்குத் தனியார் பங்குதாரரும் இருந்தவை. அந்த வருசம்தான் காசு குடுத்து அவையை வெளியேத்தினது.

1939 கதையைச் சொல்லுறன். மார்ச் 15இல ஹிட்லர் பிராக் நகரத்துக்குள்ள போறான். செக்கோஸ்லாவாக்கியாவின்ர தங்கத்தில ஒரு பகுதி பிஐஎஸ் பேரில லண்டனில, இங்கிலாந்து வங்கியின்ர நிலவறையில கிடக்குது. செக் வங்கி இயக்குநர்மாரை வெருட்டிக் கையெழுத்து வாங்கி, ஒரு உத்தரவு வருது: 23 தொன் தங்கத்தை ஜேர்மன் மத்திய வங்கியான ரைஷ்பாங்க் கணக்குக்கு மாத்து எண்டு. பிஐஎஸ் மாத்திப்போட்டுது. தங்கம் இருந்த இடத்தை விட்டு அசையேல்லை, கணக்கில இலக்கம் மட்டும் மாறினது. பிரித்தானிய நாடாளுமன்றத்தில மே மாசம் கேள்வி வந்து அரசாங்கம் நெளிஞ்சது. இங்கிலாந்து வங்கி ஆளுநர் மொண்டேகு நோர்மன் அந்த வங்கியின்ர இயக்குநர் சபையில இருந்தவர்.

சண்டைக் காலம் முழுக்க வங்கி திறந்துதான் இருந்தது. தலைவர் தொமஸ் மக்கிற்றிக், அமெரிக்கர். சபையில ஜேர்மனியின்ர வால்ட்டர் ஃபுங்க், எமில் புல். வெளியில ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொண்டு நிக்கினம், இஞ்ச வட்டி ஒழுங்காக் கட்டுப்படுகுது. 1944 பிரெற்றன் வூட்ஸ் மாநாட்டில நோர்வேக்காரர் சொல்லி, இந்த வங்கியை முடிஞ்ச கெதியில கலைக்க வேணும் எண்டு தீர்மானம் போட்டவை. நாலு வருசத்தில அந்தத் தீர்மானம் காத்தோட போட்டுது. கட்டிடம் இண்டைக்கும் நிக்குது. முன்னுக்கு ஒரு பதாகை பிடிக்கிற ஆளைக்கூட நான் காணேல்லை.

மணிமுத்தாறு
அடேங்கப்பா. ஆனா இது 80 வருஷத்துக் கதை. இன்னைக்கு அந்த விருந்தால எனக்கென்ன?

கேஷ்கவுன்டர்
மணிமுத்தாறு தம்பி, அதை நான் சொல்றேன். பொதுத்துறை வங்கியில வேலை பார்த்து ஓய்வு பெத்தவன், சொந்த ஊர் கரூர். பாசல் விதிங்கிற சொல்லைக் கேட்டாலே எங்க ஆளுங்களுக்கு வயித்தைக் கலக்கும்.

1988ல அந்தக் கட்டடத்துல கூடுற பாசல் கமிட்டி, வங்கி கொடுக்கற கடனுக்கு ஏத்த மாதிரி குறைஞ்சது 8 சதவீதம் மூலதனம் வெச்சிருக்கணும்னு சொல்லிச்சு. சட்டம் இல்லை, சிபாரிசுதான். 1992ல நரசிம்மம் கமிட்டிக்கு அப்புறம் நம்ம ரிசர்வ் வங்கி அதை ஏத்துக்கிச்சு. 2000லேர்ந்து நமக்கு 9. அப்புறம் விதியைத் திருத்தி பாசல் 2. அப்புறம் பாசல் 3, 2013 ஏப்ரல்லேர்ந்து. 2017ல பொதுத்துறை வங்கிகளுக்கு 2 லட்சத்து 11 ஆயிரம் கோடி மூலதனம்னு மத்திய அரசு அறிவிச்சுதே, ஞாபகம் இருக்கா? வாராக் கடனால குழி, அந்தக் குழியை எவ்வளவு உயரத்துக்கு நிரப்பணும்னு அளவுகோல் பாசல்லேர்ந்து வந்தது.

அதைவிடப் பக்கத்துல ஒண்ணு சொல்லவா? லட்சுமி விலாஸ் பாங்க். 1926ல எங்க ஊர்ல ஆரம்பிச்சது. 2020 நவம்பர்ல சிங்கப்பூரைச் சேர்ந்த டிபிஎஸ் வங்கியோட இணைச்சப்போ பங்கு வெச்சிருந்தவங்களுக்கு பூஜ்யம். அது தெரிஞ்ச கதை. கூடவே, சுமார் 318 கோடி ரூபாய்க்கு அந்த வங்கி வித்திருந்த பாசல் 3 ரகக் கடன் பத்திரங்களும் பூஜ்யம். வங்கி பிழைக்காதுன்னு ரிசர்வ் வங்கி முடிவு பண்ணினா இந்தப் பத்திரத்தை அழிச்சிடலாம்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும். அந்த வரி எங்கேர்ந்து வந்துதுன்னா, பாசல்வாசி தம்பி தினம் பார்க்கற கட்டடத்துல உட்கார்ந்தவங்க எழுதினது. டெபாசிட் போட்டவங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை, அதையும் சொல்லணும்.

நெருப்புக்குச்சி
சிங்கப்பூர் வங்கிக்குப் போச்சு பாருங்க. யோசிங்க. அதுக்கு மேல சொல்ல மாட்டேன்.

கேஷ்கவுன்டர்
சொல்றதுக்கு மேல ஒண்ணும் இல்லை தம்பி, அதான் நிறுத்திட்டீங்க. நவம்பர் 17 மாரடோரியம், அதாவது பணம் எடுக்கக் கட்டுப்பாடு, அன்னிக்கே ரிசர்வ் வங்கி வரைவுத் திட்டத்தை வெளியிட்டு ஆட்சேபணை கேட்டுது, 25 மத்திய அமைச்சரவை ஒப்புதல், 27 இணைப்பு. ரொம்ப அவசரம், கேள்வி கேக்க நேரமே கொடுக்கலைன்னு கோபப்படுங்க, நானும் சேர்ந்துக்கறேன். அதை விட்டுட்டு மர்மமாக் கண் சிமிட்டாதீங்க.

நெறியாளர்
லட்சுமி விலாஸ் பங்குதாரர் வழக்கு பத்திப் பேச தனி இழை இருக்கு, அங்கே போகலாம். பெயர் சொல்லாமல் ஜாடை பேசுவது வேண்டாம்.

செங்காந்தள்
பாசல் கமிட்டி எப்படித் தோன்றியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கியை மூடினார்கள். அன்று காலை அவ்வங்கிக்கு மார்க்கில் பணம் செலுத்திவிட்டு, நியூயார்க்கில் டாலர் வரும் என்று காத்திருந்த வங்கிகளுக்கு ஒன்றும் வரவில்லை. ஒரு நாட்டு வங்கி விழுந்தால் இன்னொரு நாட்டில் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. அந்த ஆண்டு இறுதியில் பத்து பெரிய பொருளாதார நாடுகளின் மத்திய வங்கிகள் இக்கமிட்டியை அமைத்தன. 2008 நெருக்கடியில் மத்திய வங்கிகள் ஒன்றுக்கொன்று டாலர் கொடுத்து உதவ முடிந்ததற்கும் இந்த நீண்ட பழக்கம் ஒரு காரணம். ஓர் ஆளுநர் “எங்கள் நாட்டில் இந்த வங்கி தள்ளாடுகிறது” என்று கேமரா முன் சொன்னால் மறுநாள் காலை வாசலில் வரிசை நிற்கும். சில பேச்சுகளைக் கதவை மூடிக்கொண்டுதான் பேச முடியும்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்தியா அந்த விதியை 1992 முதல் பின்பற்றுகிறது. பாசல் கமிட்டியில் இந்தியாவுக்கு நாற்காலி கிடைத்தது 2009 மார்ச்சில். பதினேழு ஆண்டுகள், அறைக்குள் இல்லாமலே, அங்கே எழுதப்பட்டதை வாங்கிக் கொண்டு வந்தோம். இலங்கை போன்ற நாடுகளுக்கு இன்றும் அதே நிலைதான்.

தெக்குவாசல்
செங்காந்தள் சொன்னதுல முக்கால்வாசி சம்மதம். அதிகாரிகள் அதிகாரிகளோட பேசட்டும். அந்த அறைக்குள்ள தனியார் வங்கிக்காரனும் உட்கார்ந்தா? அங்கேதான் முப்பதின் குழு வருது, ஜி-30.

1978ல ராக்கஃபெல்லர் அறக்கட்டளை உதவியோட தொடங்கினது. முப்பது பேர் சுமார். மத்திய வங்கி ஆளுநர்கள், முன்னாள் ஆளுநர்கள், பேராசிரியர்கள், தனியார் வங்கித் தலைவர்கள். ஆட்கள் நாற்காலி மாத்திக்கிட்டே இருப்பாங்க. யாகோப் ஃபிரெங்கல் இஸ்ரேல் மத்திய வங்கி ஆளுநர், அப்புறம் ஜேபி மோர்கன். ஆக்ஸெல் வேபர் 2011 வரை ஜெர்மன் மத்திய வங்கித் தலைவர், 2012ல யூபிஎஸ் தலைவர். மரியோ திராகி கோல்ட்மேன் சாக்ஸ்லேர்ந்து இத்தாலி மத்திய வங்கிக்கு, அங்கேர்ந்து ஐரோப்பிய மத்திய வங்கிக்கு. நம்மளவங்களும் உண்டு: ரகுராம் ராஜன் உறுப்பினர், சிங்கப்பூரோட தர்மன் சண்முகரத்னம் 2017லேர்ந்து சில வருஷம் இந்தக் குழுவுக்குத் தலைவர். ரெண்டு பேரும் தப்பு செஞ்சதா நான் சொல்லலை, இந்த இழையில முன்கூட்டியே சொல்லிடறது நல்லது.

2014 நவம்பர்லேர்ந்து யூரோ வட்டாரத்துப் பெரிய வங்கிகளை நேரடியாக் கண்காணிக்கற வேலையும் ஐரோப்பிய மத்திய வங்கிக்கு வந்துது. அந்தக் கண்காணிப்புக்குள்ள வர்ற வங்கிகளோட ஆட்களும், கண்காணிக்கற அமைப்போட தலைவர் திராகியும் ஒரே மூடிய குழுவுல உறுப்பினர்களா இருந்தாங்க. கார்ப்பரேட் யூரோப் அப்சர்வேட்டரினு ஒரு சின்ன அமைப்பு புகார் போட்டுது. ஐரோப்பிய ஒன்றியத்தோட குறைதீர்ப்பாளர் எமிலி ஓரைலி விசாரிச்சு, 2018 ஜனவரியில “திராகி பதவியில இருக்கற வரைக்கும் உறுப்பினர் பொறுப்பை நிறுத்தி வைக்கட்டும்”னு பரிந்துரைச்சாரு. மத்திய வங்கி முடியாதுன்னுடுச்சு. ஜூலையில, இது நிர்வாகத் தவறுதான்னு தீர்ப்பு எழுதி கோப்பை மூடினாரு. கட்டாயப்படுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. 2021ல திராகி இத்தாலிப் பிரதமர்.

எல்லாம் பொதுவெளியில, கடிதங்களோட இருக்கு. சதிக்கதைகள்ல வர்ற சாத்தானும் இல்லை, ஆந்தைச் சிலையும் இல்லை. அதனாலேயே வாட்ஸப்ல சுத்தாது.

நெருப்புக்குச்சி
அப்ப நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்றீங்க, ஆங்கிலப் பேப்பர் பாணியில.

தெக்குவாசல்
நீங்க “யார் ஆளுறான்”னு கேக்கறீங்க. நான் “இன்ன தேதியில, இன்ன பதவியில இருந்தவர், யாரோட உட்கார்ந்தார், அதை யார்கிட்ட பதிவு செஞ்சார்”னு கேக்கறேன். என்னோட கேள்விக்கு ஒரு குமாஸ்தா பதில் சொல்லியே ஆகணும்.

வாசுகி
இத்தாலியில 1982 ஜனவரியிலேயே ரகசியச் சங்கங்களைத் தடை பண்ணி சட்டம் வந்துது. எம்பி தீனா அன்செல்மி தலைமையில விசாரணைக் குழு போட்டு, மூட்டை மூட்டையா ஆவணம் அச்சடிச்சாங்க. அந்தப் பட்டியல்ல இருந்த பெர்லுஸ்கோனி 1994ல பிரதமர் ஆனாரு. ஜெல்லி 2015ல, 96 வயசுல, தன் வீட்டுல காலமானாரு. பதிவு இருந்தா போதும்னு நினைக்காதீங்க தெக்குவாசல்.

மணிமுத்தாறு
பாசல்வாசி அண்ணா, ஒரு சந்தேகம். அந்த விருந்துப் பேச்சு, பழைய குறிப்பு எதையாவது என்னைக்காவது வெளிய விடுவாங்களா?

பாசல்வாசி
பிஐஎஸ்ஸுக்கு எண்டு ஆவணக் காப்பகம் இருக்குது. 30 வருசம் தாண்டின கோப்புகளை ஆய்வாளர்மார் போய்ப் பாக்கலாம், விலக்குகளும் இருக்கு. 1939 தங்கக் கதையெல்லாம் இப்ப இவ்வளவு விவரமாத் தெரியிறது அப்படித்தான். 2008 நெருக்கடிக் காலத்துக் கோப்பு எண்டால் 2038 மட்டும் பொறுக்க வேணும்.

கேஷ்கவுன்டர்
2038ல எனக்கு 81. கண்ணு தெரியாது. யாராவது சத்தமாப் படிச்சுச் சொல்லுங்கப்பா.